வாத்தியார் வேலைக்கு நம் பையன்கள் வேண்டும்

கிளைக் கூட்டங்களில் சம்பள விவகாரமும் வீட்டு விவகாரமும் பேசி முடிந்த பிறகு, தாய்மார் யாராவது எழுந்து பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பது வழக்கம். முன்பெல்லாம் கூரை ஒழுகுகிறது, மேசை நாற்காலி போதவில்லை, வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார் என்ற முறையீடுகளே வரும். அண்மைக் காலமாக அந்த முறையீடுகளோடு வேறொரு கேள்வியும் சேர்ந்து வருகின்றது. "எங்கள் பள்ளியில் டீச்சர்கள் எல்லாரும் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால், ஆண் வாத்தியார் ஒருவர்கூட இல்லையே, ஏன்?" என்கிறார்கள். கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் இதற்கு விடை தேடிப் போனால் தோட்டத்துக் கல்வியின் கதை முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பெண் ஆசிரியர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அப்படி எவராவது பொருள் கொண்டால் அது எமது கருத்தன்று. இந்த நாட்டின் பள்ளி ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தமிழ்ப்பள்ளிகள் இன்று கதவைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாலும் அவர்களுடைய உழைப்பால்தான். ஆனால் ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளியில் ஆண் ஒருவரைத் தவிர வேறு ஆசிரியரே கிடையாது. அந்த நிலைமை எப்படித் தலைகீழாயிற்று? ஆண்கள் விலகிப் போனதனால் நமக்கு இழப்பேதும் உண்டா? உண்டென்றால் அதற்கு என்ன செய்வது? இவற்றைத்தான் தொழிலாளத் தோழர்களும் கிராணிமார்களும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்கிறோம்.

மலாயாவின் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வந்தது துரைமார்களின் தயவினால் அன்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டுமென்று விதித்தது. விதித்ததே தவிர, எப்படிப்பட்ட பள்ளிக்கூடம், எப்படிப்பட்ட வாத்தியார் என்பதைப் பற்றித் தோட்ட நிர்வாகங்கள் அதிகம் கவலைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆயாக் கொட்டகையின் ஒரு மூலை பள்ளிக்கூடமாயிற்று. சில இடங்களில் கோயில் மண்டபமே வகுப்பறை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, ஆபீசில் அரை நாள் கணக்கெழுதும் கிராணியோ, ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குபவரோ வாத்தியாராக்கப்பட்டார். பயிற்சி என்ற பேச்சே இல்லை. இன்று அதனை நினைத்தால் சிரிப்பு வரலாம். அந்தக் கொட்டகையில்தான் நம்முடைய பாட்டனார்கள் "அ" எழுதினார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒற்றை வாத்தியாரின் நாள் எப்படிக் கழிந்தது என்பது வயதான தோழர்களுக்கு நன்றாகவே தெரியும். விடியுமுன் பெரட்டுக்குத் தாய் தகப்பன் இருவரும் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பள்ளிக்கு அழைத்துப் போவது வாத்தியார் வேலை. ஒரே அறையில் நாலு வகுப்பு. ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, சிலேட்டில் எழுதும் சிறுபிள்ளைகளின் கையைப் பிடித்து வளைத்து, இடையில் சண்டையும் தீர்த்து வைக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பையன் திடீரென்று வரமாட்டான். கேட்டால் அம்மாவின் நிரையில் மங்கு துடைக்கிறான், ஒட்டுப்பால் பொறுக்குகிறான் என்பார்கள். வாத்தியார் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்த் தகப்பனோடு வாதாடுவார். சில வேளை வெற்றி, பல வேளை தோல்வி.

பள்ளி விட்ட பிறகுதான் அவருடைய இன்னொரு வேலை ஆரம்பமாகும். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டியவர்கள், வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அவர் வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்துக்குள் வந்தபோது, ஒரு தாளை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். படித்தவர் பெரும்பாலும் வாத்தியார்தான். இரவுப் பள்ளி வைத்து, பால் வெட்டும் இளைஞர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. சம்பளச் சீட்டில் பெருவிரல் உருட்டிக்கொண்டிருந்தவன் தன் பெயரைத் தானே எழுதிய நாளில் கிராணிக்கும் அவனுக்கும் இடையே இருந்த தூரம் சற்றுக் குறைந்தது. கணக்கில் தவறு இருந்தால் கேட்கவும் அவனுக்குத் துணிவு வந்தது. தொழிற்சங்கம் என்ற சொல் தோட்டத்துக்குள் நுழையுமுன்னே அதற்கு நிலத்தைப் பண்படுத்தியவர்களில் இந்த வாத்தியார்களும் உண்டு.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஆர். எச். நாதன் தலைமையில் வைக்கப்பட்ட கோரிக்கைகளை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கின்றது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டிறங்காமல் போக உரிமை வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். இவற்றோடு, "எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்" என்பதும் ஒரு கோரிக்கை! சுட்டுக் கொல்லப்பட்டாலும் கேட்டவர்கள் கேட்டதை மாற்றிக்கொள்ளவில்லை. கூலி உயர்வுக்குச் சமமாகப் பள்ளிக்கூடத்தையும் வைத்துப் போராடியவர்கள் நம் முன்னோர். இந்தப் பத்திரிகையில் கல்வியைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள் என்று கேட்கும் தோழர்களுக்கு இதுவே எமது விடை.

பழைய வாத்தியாரைப் பற்றிச் சொல்லும்போது பூமாலை மட்டும் போட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. அவர் தோட்டத்துச் சம்பளக்காரர். அவர் குடியிருந்த வீடு தோட்டத்து வீடு. துரைக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று சொன்னால் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அச்சத்திலே வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் பலர். லயத்தில் நடப்பதை ஆபீசில் போய் ஓதியவர்களும் இல்லாமலில்லை. பங்களாத் தோட்டத்தில் புல் பிடுங்கப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி வைத்தவர்கள் உண்டு. சாதி பார்த்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவர்கள் உண்டு. பிரம்பைத் தவிர வேறு பாடம் அறியாதவர்களும் இருந்தார்கள். அந்த அடிக்குப் பயந்தே பால்மரத்துக்கடியில் ஒளிந்து, பிறகு பள்ளியையே மறந்துவிட்ட பையன்கள் எத்தனை பேர்! ஆண் என்பதனால் மட்டும் ஒருவர் நல்ல வாத்தியாராகிவிடுவதில்லை. இதை நன்கு உணர்ந்தே எழுதுகிறோம்.

விடுதலையையொட்டி நிலைமை மாறத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதையொட்டி 1957-இல் வந்த கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பயிற்சி பெற்றவர்கள் வந்தார்கள். அரசாங்கச் சம்பளம் வந்த பிறகு, வாத்தியாரின் முதுகெலும்பும் நிமிர்ந்தது. அந்தக் காலத்தில் அவர்கள் செய்த பணியில் ஒன்றை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அதன் பயனை இன்றும் பல குடும்பங்கள் அனுபவிக்கின்றன. அந்தப் பணி கிடைக்காமற்போன குடும்பங்கள் இன்றும் கண்ணீர் விடுகின்றன.

குடியுரிமையைத்தான் சொல்கிறோம். 1957-க்குப் பிறகு, இங்கே பிறக்காத தொழிலாளி குடியுரிமை பெற விண்ணப்பம் எழுத வேண்டும், மலாய் மொழி ஓரளவு பேச வேண்டும், சாட்சி காட்ட வேண்டும். காலை முழுவதும் மரத்தோடு மரமாக நிற்கும் மனிதன் இதற்கெல்லாம் எங்கே போவான்? பல தோட்டங்களில் வாத்தியார்தான் பாரத்தை எழுதினார். கேள்விகளுக்கு மலாயில் எப்படி விடை சொல்வதென்று இரவில் பழக்கிக் கொடுத்தார். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுக்கச் சொல்லித் தகப்பன்களை விரட்டினார். "இதெல்லாம் எதற்கு வாத்தியாரே, எப்படியும் ஊருக்குப் போகப் போகிறவன்தானே நான்" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். 1968-ஆம் ஆண்டு வேலை அனுமதிச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாதென்றாயிற்று. பாரம் எழுதாதவர்களுடைய சிரிப்பு அன்றோடு நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். போகாமல் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றும் சிவப்பு அடையாளக் கார்டோடும், அதுவும் இல்லாமலும், பள்ளிச் சேர்க்கைக்கு அலைகிறார்கள். தகப்பனுக்கு ஒரு வாத்தியார் பாரம் எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பது மூன்று தலைமுறைகளின் தலையெழுத்தாகிவிட்டது.

இனிப் பெண் ஆசிரியர்கள் வந்த கதைக்கு வருவோம். ஒற்றை ஆண் வாத்தியார் காலத்தில் பெண் பிள்ளைகள் எத்தனை ஆண்டுகள் படித்தார்கள்? தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றவர்கள் போக, மிஞ்சியவர்களும் வயதுக்கு வந்ததும் நின்றார்கள். "ஆம்பிளை வாத்தியாரிடம் இனிமேல் அனுப்புவதா?" என்பது அன்றைய தாய்மாரின் கேள்வி. டீச்சர் ஒருவர் பள்ளிக்கு வந்து நின்றதும் அந்தக் கேள்வி அடங்கியது. அதைவிடப் பெரியது ஒன்றும் நடந்தது. சேலை கட்டி, கையில் புத்தகத்தோடு, தன் சம்பளத்தில் தானே வாழும் ஒரு பெண்ணை லயத்துச் சிறுமி முதன்முதலாகக் கண்டாள். நானும் இப்படி ஆகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்று இந்த நாட்டின் பல்கலைக்கழகங்களில் மாணவிகளின் எண்ணிக்கை மாணவர்களைவிட மிக அதிகம். நம் வீட்டுப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். இதற்காக நாம் பெருமைப்பட வேண்டும், பெருமைப்படுகிறோம்.

அதே நியாயத்தைப் பையனுக்கும் பொருத்திப் பாருங்கள். பெண் டீச்சரைப் பார்த்துச் சிறுமிக்கு ஓர் ஆசை பிறந்தது உண்மையென்றால், புத்தகம் படிக்கும் ஆணைப் பார்த்துச் சிறுவனுக்கு ஆசை பிறப்பதும் உண்மைதானே? அந்த ஆணை அவன் எங்கே பார்க்கிறான்? தகப்பன் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில், அல்லது தொழிற்சாலை இரவு வேலையில், அல்லது பாதுகாவலர் உடுப்பில். அவன் எழுந்திருக்கும்போது அவர் உறங்குகிறார்; அவன் உறங்கும்போது அவர் வேலைக்குப் போகிறார். தகப்பனைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அவருடைய வேலை நேரத்தை நிர்ணயித்தது அவர் அல்லர். பள்ளியிலும் ஓர் ஆணைக் காணவில்லையென்றால், படிப்பு என்பது பெண்களுடைய வேலை, பொறுமையாக உட்காருவது பெண்களுடைய குணம் என்று பத்து வயதில் அவன் முடிவு கட்டிவிடுகிறான். யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. அவன் கண்ணே சொல்லிக்கொடுக்கின்றது.

ஆண் வாத்தியார் சொல்லிக்கொடுத்தால் பையன்கள் அதிக மதிப்பெண் வாங்குவார்கள் என்று நாம் சொல்லவில்லை. பல நாடுகளில் இதை ஆராய்ந்தவர்கள், மதிப்பெண்ணைப் பொறுத்தவரை ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதால் பெரிய வேறுபாடு இல்லையென்றே கண்டிருக்கிறார்கள். நல்ல ஆசிரியர், மோசமான ஆசிரியர் என்ற வேறுபாடுதான் உண்டு. நாம் பேசுவது மதிப்பெண்ணை அன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியபோது, நம் குடும்பங்கள் பட்டண ஓரத்துப் பிளாட் வீடுகளுக்குத் தள்ளப்பட்டன. கோயிலும் திடலும் பள்ளியும் ஒரே இடத்தில் இருந்த வாழ்வு போயிற்று. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-க்குச் சற்று மேல். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்று கண்டு தலைகுனிந்தோம். வாத்தியார் இல்லாததுதான் காரணம் என்றால் அது பேதைமை. வறுமை காரணம், வீடிழந்தது காரணம், வேலையில்லாமை காரணம். ஆனால் பதின்மூன்று வயதுப் பையனிடம் தோளில் கை போட்டு, "தம்பி, சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்கும் ஆண் கும்பல்காரனாக இருக்கக் கூடாது. அந்த ஆண் அதற்கு முன்னே பள்ளியில் இருந்திருக்க வேண்டும். நம் கவலை இதுதான்.

இப்போதுள்ள ஆண் வாத்தியார்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பதினைந்து டீச்சர்களுக்கிடையே ஒருவர் இருவர் என்று இருக்கிறார்கள். விளையாட்டுப் போட்டியா, அவர். கூடாரம் கட்டவா, அவர். மேசை தூக்கவா, வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகவா, பாம்பு வந்துவிட்டதா, எல்லாம் அவர்தான். முரட்டுப் பையனை அடக்க வேண்டுமென்றாலும் அவரிடமே அனுப்புகிறார்கள். ஆக, பிள்ளைகள் கண்ணில் அவர் வாத்தியாராகத் தெரிவதில்லை, போலீஸ்காரராகத் தெரிகிறார். 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளின்படி, பிரம்பெடுக்கத் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் மட்டுமே உரிமை. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. விதி அப்படியிருக்க, "ஓர் ஆம்பிளை வாத்தியார் வந்தால் நாலு போடு போட்டுச் சரிப்படுத்துவார்" என்று பெற்றோரே பேசுவது என்ன நியாயம்? பிரம்பு பிடிப்பதற்காக ஆண் வேண்டுமென்றால், அந்தப் பிரம்பையும் ஆணையும் நாம் கேட்கவில்லை. அந்த வாத்தியார் வகுப்பில் கதை படிக்க வேண்டும். செய்யுளை ராகத்தோடு பாட வேண்டும். சின்னப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். அதைப் பையன்கள் பார்க்க வேண்டும்.

மூக்கைத் துடைக்கக்கூட இன்று சில வாத்தியார்கள் தயங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்த ஆசிரியர்கள் தண்டிக்கப்பட வேண்டும். அதற்காகவே 2017-இல் தனிச் சட்டம் வந்தது. அதனை நாம் வரவேற்கிறோம். திறந்த கதவு, தனியே பிள்ளையை அழைத்துப் போகாமை, முறையீடு வந்தால் மறைக்காமை ஆகியவை ஒவ்வொரு பள்ளியிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒழுங்காக இருந்தால், நல்ல வாத்தியாருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. ஒழுங்கு இல்லாத இடத்தில்தான் வதந்தி ஆளுகிறது.

ஆண்கள் ஏன் வருவதில்லை? சம்பளம் போதாது என்பது ஒரு காரணம். அது முழுக் காரணமன்று. அரசாங்கச் சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் பால் வெட்டுபவனுக்குக் கனவாக இருந்த காலமுண்டு. இன்று பதினெட்டு வயதுப் பையன் சிங்கப்பூரில் நாலு மாதத்தில் சம்பாதிப்பதையும், பயிற்சி முடிய ஐந்தாண்டுகள் காத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். வீட்டில் கடன் இருந்தால் அவனுக்கு வேறு வழியும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சியில்லாமல் ஆசிரியர் கல்விக் கழகத்தின் படிகூட ஏற முடியாது. அந்தத் தேர்ச்சியைப் பெறுவோரில் பெண்களே அதிகம். ஆக, பையன் பின்தங்குவதால் வாத்தியார் குறைகிறார். வாத்தியார் குறைவதால் அடுத்த பையன் பின்தங்குகிறான். கிணற்று ராட்டினம்போல் இது சுற்றிக்கொண்டே இருக்கின்றது. இதற்கு மேல், "என்ன, சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் வேலையா? பொம்பளைகள் பார்க்கும் வேலையல்லவா அது!" என்று கேலி பேசும் மாமன் மச்சான்களும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் கேலியைக் கேட்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. அந்த மாமனின் தகப்பனுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று அவரிடமே கேட்கலாம்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்போம். வசதி குறைந்த குடும்பத்துப் பையன்கள் ஆசிரியர் பயிற்சிக்குத் தகுதி பெறுவதற்கு ஒரு தயாரிப்பு வகுப்பு வேண்டும். பயிற்சிக்கால உதவித்தொகை வீட்டுக்கும் ஓரளவு அனுப்பக் கூடியதாக இருக்க வேண்டும். மனு எழுதி அனுப்புவது தலைமைப் பணிமனையின் வேலை, அதைச் செய்வோம். ஆனால் மனுவுக்கு விடை வரும் வரையில் கிளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஆபீஸ் முடிந்து அரை நாள் வாத்தியார் வேலை பார்த்தவர்கள் உங்கள் முன்னோடிகள். வாரத்தில் இரண்டு மாலை, கிளை மண்டபத்தில், படிவம் நாலு, ஐந்து படிக்கும் பையன்களுக்குக் கணக்கும் மலாய் மொழியும் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு முடியும். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் பலர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். போய்க் கேட்டால் மறுப்பவர்கள் அரிது. தொழிலாளத் தோழர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு மனைவியை மட்டும் அனுப்பி வைப்பதை நிறுத்திவிட்டு, தாங்களும் ஒரு முறையாவது போய் உட்கார வேண்டும். கணவன் அலுத்துப்போய் வருகிறான் என்பது உண்மை; மனைவியும் அதே அலுப்போடுதான் போகிறாள்.

கிளைச் செயலாளர்கள் இந்த மாத இறுதிக்குள் தங்கள் எல்லையில் படிவம் ஐந்து படிக்கும் பையன்களின் பெயர், பள்ளி, வீட்டு முகவரி ஆகியவற்றை எழுதித் தலைமைப் பணிமனைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். தேர்வு முடிவு வெளிவந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் நாள்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அடையாளக் கார்டும் பிறப்புப் பத்திரமும் இப்போதே சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாதவர்களின் பெயரைத் தனித் தாளில் எழுதி அனுப்புங்கள். அவர்களுக்காகப் பதிவு இலாகாவுக்கு நம் சங்க ஊழியர்களே உடன் வருவார்கள்.